ஏரிக்கரை விளக்கும் இசப்கோல் உமியும்

இசப்கோல் உமியை ஒரு கரண்டி எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு எண்ண ஆரம்பித்தால், நாற்பது எண்ணுவதற்குள் அது ஊறிப் பருத்துவிடும். நூறு எண்ணிவிட்டால் தம்ளரைக் கவிழ்த்தாலும் கீழே விழாது. உறை ஒட்டும் பசை மாதிரி அப்படியே நிற்கும். ஆகவே நாற்பதுக்குள் குடித்துவிட வேண்டும். குடித்த கையோடு இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது தம்ளரை விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதில்லை. அதற்குக் காரணம் ஒரு தெருவிளக்கு.

எழுபதுகளின் கடைசியில், திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் கிளைத் தபால் ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. ஆபீஸ் என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு தராசு, இரண்டு முத்திரைகள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். தபால் எண்ணி எண்ணி எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். வாசலிலிருந்து ஏரிக்கரை வளைவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. எண்ணாமல் விட்டால் ஏதோ தவறிப்போகும் என்று ஒரு பயம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அந்த வளைவில்தான் ஒரு மழை நாளில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். தபால் பை நனைந்து ஒன்பது கடிதங்கள் மை கரைந்து போயின. ஏழு மணி பஸ்ஸில் உத்திரமேரூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ரோட்டில் இறங்கி இருட்டில் அந்தக் கரை வழியாகத்தான் நடந்து வருவார்கள். கரைக்குக் கீழே ஒரே வேலிகாத்தான் முள்ளுக்காடு. பாம்பு கிடந்தாலும் தெரியாது. அங்கே ஒரு விளக்கு வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். ஊரில் யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்; கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வீடு வீடாகப் போய் அறுபத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அதில் பத்தொன்பது கைநாட்டு. இரண்டரை மாதத்தில் கம்பம் நட்டு, தகரத் தொப்பி போட்டு, பல்பு மாட்டிவிட்டார்கள். முதல் நாள் அது எரிந்தபோது வளைவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அதன் கீழே நின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அப்படியா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பல்பை மூன்று தடவை கல்லால் அடித்து உடைத்துவிட்டார்கள். மூன்று தடவையும் நான் கடிதம் எழுதினேன், மூன்று தடவையும் புது பல்பு வந்தது. புளியமரத்தடியில் சீட்டாடுகிற கும்பல்தான் உடைக்கிறது என்று எனக்கு நிச்சயம். அவர்களில் ஒருவனை நிறுத்திக் கேட்டேன்.

"இன்னா போஸ்ட்டையா, வெளிச்சம் இருந்தாதான நாங்க ஆடவே முடியும்? நாங்க எதுக்கு ஒடைக்கப் போறோம்?" என்றான்.

நியாயமான பதில். ஆனால் நான் நம்பவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு மலச்சிக்கல். நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவனுக்கு வருவதுதான். இரண்டு நாள், மூன்று நாள் என்று தள்ளிப்போகும். விளக்கெண்ணெய் குடித்தால் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு போகும், மறுநாளிலிருந்து பழையபடி. வாலாஜாபாத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் என் கஷ்டத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். உள்ளே வெளுத்த, எடையே இல்லாத உமி.

"இசப்கோல் சார். பேதி மருந்து கெடியாது. தண்ணிய இழுத்துக்கினு உப்பும், அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. நெறைய தண்ணி குடி. இல்லாங்காட்டி உள்ளயே சிமிட்டி மாரி புடிச்சுக்கும்."

சொன்னபடி குடித்தேன். நான்காவது நாளிலிருந்து மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆண்கள் ஒதுங்குகிற கால்வாய்ப் பக்கம் போவதும் வருவதும் ஆறே காலுக்கு முடிந்துவிடும். சந்தோஷம் தாங்காமல் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். போன நாளுக்கு ஒரு கோடு, போகாத நாளுக்கு ஒரு சுழி.

அப்போதுதான் என் மனைவியைக் கவனித்தேன். தலைவலி என்று வெற்றிலைச் சாறு பற்றுப் போட்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டை ஒரு கைப்பிடியாகக் குறைத்திருந்தாள். முகம் ஊதி இருந்தது. நேராகக் கேட்டேன், "எத்தினி நாளாச்சு?" இதையெல்லாம் புருஷனிடம் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு நான்கு விரலைக் காட்டினாள். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் எண் கிடைத்த திருப்திதான் முதலில் வந்தது. நோட்டில் அவளுக்கும் ஒரு பத்தி போட்டேன்; தினமும் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

"இந்தா, சாயங்காலம் ஒரு கரண்டி," என்று உமியைக் காட்டினேன்.

"உமியா? நான் இன்னா மாடா, உமி துண்றதுக்கு?"

"இது வேற உமி. தண்ணி நெறைய குடிக்கணும்."

"குடிக்கிறேன் குடிக்கிறேன்."

தினமும் நானே தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் கரண்டியில் உமியையும் வைத்துவிட்டு முன்னறைக்குப் போவேன். திரும்பி வரும்போது கரண்டியும் தம்ளரும் காலியாக இருக்கும். முதல் மூன்று வாரத்தில் அவள் பத்தியில் சுழிகள்தான் அதிகம். பிறகு திடீரென்று பதினொரு நாள் வரிசையாகக் கோடு. "உமி வேலை செய்கிறது" என்று ஓரத்தில் எழுதினேன். அந்தப் பதினொரு நாளில்தான் ஏரிக்கரை விளக்கு நான்காவது தடவையாக உடைந்து கிடந்தது. நான்காவது கடிதம் எழுதினேன். பல்பு வந்தது. மறுநாளிலிருந்து அவள் பத்தியில் மறுபடியும் சுழி.

உமி போதவில்லை என்று முடிவு செய்தேன். காலையில் இரண்டு கரண்டி, சாயங்காலம் இரண்டு என்று ஏற்றினேன். பக்கத்தில் நின்று கரண்டி காலியாகிறதா என்று பார்த்துவிட்டு முன்னறைக்குப் போனேன். பின்கட்டில் கனகாம்பரம் அந்த மாதம் அப்படிப் பூத்தது. ஒரு நாள் எண்ணினேன், ஐம்பத்தாறு பூ.

ஆறாவது சுழியன்று மத்தியானம் அவள் அடுப்படியில் சுருண்டு படுத்துவிட்டாள். வயிறு பானை மாதிரி உப்பிக் கல்லாக இருந்தது. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்த விதவை, வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நைனா, வேடிக்கை பாத்துக்கினு நிக்காத, வண்டி கட்டச் சொல்லு," என்றாள். உத்திரமேரூரில் நான்கு கட்டில் போட்டு ஒரு டாக்டரம்மா ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் அவள் முனகுவதை எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். எத்தனை கரண்டி, எந்தத் தேதி, எல்லாம் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி எவ்வளவு குடிச்சாங்க? அது இதுல இல்லையே?" என்றார்.

"ஒரு தம்ளர் ஊத்தித் தருவேன், டாக்டர்."

"நீங்க ஊத்தினதைக் கேக்கலை. அவங்க குடிச்சது."

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள், எனிமா கொடுத்தார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் டாக்டரம்மா, சாயங்காலம் வரை பார்ப்போம், அதற்குள் இளகாவிட்டால் செங்கல்பட்டுக்குப் போய் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார். மத்தியானம் இரண்டே காலுக்கு இளகியது. நர்ஸ் வராந்தாவுக்கு வந்து சொன்னாள்.

"ஆனா இன்னொரு தடவை இப்படி அடைச்சா நான் கை வைக்க மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "தண்ணி குடிக்கணும், வந்தா அடக்காம போகணும். இந்த ரெண்டும் இல்லாம உமி குடுக்காதீங்க."

அன்று சாயங்காலம் கட்டிலுக்கும் வராந்தாவுக்கும் நடுவே தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நர்ஸ் அவளுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டு பேசுவது கேட்டது.

"குடிம்மா. இன்னாத்துக்கு இப்படி பயப்படற? உங்க ஊர்ல கெணறு இல்லியா?"

"கெணறு கீதும்மா. குடிச்சா எங்க போறது?"

"எல்லாரும் எங்க போறாங்களோ அங்கதான்."

"ஏரிக்கரைக்குக் கீழ முள்ளுக்குள்ளதான் போவோம். விடியறதுக்கு முன்ன ஒரு வாட்டி, இருட்டுனப்புறம் ஒரு வாட்டி. இப்ப அங்க லைட்டு போட்டுட்டாங்க. பளீர்னு எரியுது. பஸ்ஸ வுட்டு எறங்கி ஆம்பளைங்க வரிசையா வராங்க. ஒருத்தர் வந்தா எழுந்து நிக்கணும். அவரு போனா குந்தணும். இன்னொருத்தர் வருவாரு, மறுபடி எழுந்து நிக்கணும். அப்படி எழுந்து எழுந்து குந்துனா எங்கேந்து வரும்? விடியக்காத்தாலயும் அது எரிஞ்சிக்கினேதான் கீது. அதைத் தாண்டி சுடுகாட்டு ஓடைக்குப் போவணும்னா பயம். அதான் தண்ணியே குடிக்கறதில்ல. அவரு ஊத்தி வெக்கறதுல ரெண்டு மடக்கு குடிச்சி உமிய முழுங்கிட்டு மீதிய கனகாம்பரத்துக்கு ஊத்திடுவேன்."

"எந்தப் புண்ணியவான்மா அங்க போயி லைட்டு போட்டது?"

தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வூட்டுக்காரருதான் எழுதிப் போட்டாரு. அறுவத்தெட்டு பேருகிட்ட கையெழுத்து வாங்கி."

நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு என் மனைவியும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, சிரிக்க வெக்காத," என்று. அந்தத் திரையில் கட்டம் போட்டிருந்தது. எத்தனை கட்டம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த அறுபத்தெட்டுப் பேரையும் மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். ஒருவர் கூடப் பெண் இல்லை. வீடு வீடாகப் போனபோது பெண்கள்தான் கதவைத் திறந்தார்கள். "ஆம்பளை இல்லியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். என் வீட்டிலேயே நான் கேட்கவில்லை.

மறுநாள் மாற்றுப் புடவை எடுக்க ஊருக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எப்படிக் கீறா?"

சொன்னேன். திரைக்கு இந்தப் பக்கம் கேட்டதையும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா? ஏன் நைனா, நாலு பல்ப யாரு ஒடைச்சதுன்னு நெனைச்ச?"

"சீட்டாடறவங்க..."

"சீட்டாடறானுங்களா! மொதல்ல ஒடைச்சது உன் பொண்டாட்டி. ஒரே கல்லு. ரெண்டாவதும் நாலாவதும் நான். மூணாவது கோடி வூட்டு மருமவ, வாயும் வயிறுமா இருக்கும்போது. நாங்க ஒடைக்கறது, நீ எழுதறது. ஒடைக்கறது, எழுதறது. உன் கை நோவவே இல்லியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? லைட்டு போட்டா ஊருக்கு நல்லதுன்ற. நல்லத வேணான்னு எந்தப் பொம்பளை வந்து சொல்லுவா? அதுவும் இந்த விசயத்த?"

உள்ளே போய் நோட்டையும், நான் எழுதிய கடிதங்களின் நகல்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கு செத்துக் கிடந்த நாட்களும் அவள் பத்தியில் வரிசையாகக் கோடு விழுந்த நாட்களும் ஒன்றுதான். இரண்டும் என் கையெழுத்து. "உமி வேலை செய்கிறது" என்ற வரியை அடித்துவிட்டேன்.

மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். வந்தால் முதல் சாயங்காலமே அவள் தண்ணீரைக் குறைக்க ஆரம்பித்துவிடுவாள் என்று தெரியும். பின்கட்டில் கக்கூஸ் கட்டுவதென்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்மானித்திருந்தேன், ஆனால் குழி வெட்டி உறை இறக்க நாள் பிடிக்கும். அதுவரை விளக்கு எரியக் கூடாது. விளக்கை எடுத்துவிடும்படி மனு எழுத உட்கார்ந்தேன். "மேற்படி வளைவில் அமைந்துள்ள தெருவிளக்கினால்" என்று எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. "பெண்களுக்கு இடைஞ்சல்" என்றால் என்ன இடைஞ்சல் என்று கேட்பார்கள். அதைப் பஞ்சாயத்தில் சத்தம் போட்டு வாசிப்பார்கள். நான்கு தாள் கிழித்தேன். அவள் எட்டு மாதம் சொல்ல முடியாததை என்னால் ஒரு மணி நேரத்தில் எழுத முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஏரிக்கரைக்குப் போனேன். மணி ஐந்து இருக்கும், நல்ல வெயில். கல் பொறுக்கினேன். மாங்காய் கூட அடித்துப் பழகாத கை. பதினொரு கல் எறிந்தேன். இரண்டு கம்பத்தில் பட்டு டங்கென்றது, மீதி ஏரிக்குள் விழுந்தது. பின்னாலேயே வந்து நின்ற அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தள்ளு நைனா. தோள்பட்ட கயண்டுக்கப் போவுது," என்று சொல்லி ஒரு கல்லை எடுத்தாள். இரண்டாவது கல்லில் பல்பு போயிற்று. சீட்டாடுகிறவன் ஒருவன் புளியமரத்தடியிலிருந்து எழுந்து நின்று என்னையே பார்த்தான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பின்கட்டில், கனகாம்பரத்துக்கு எட்டுக் காலடி தள்ளிக் குழி வெட்டினார்கள். சிமெண்டு உறை நாலு இறக்கி, மேலே பலகைக்கல் போட்டு, பனை ஓலைத் தடுப்பு கட்டி, ஒரு கோணிப் படுதா தொங்கவிட்டு முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. வீட்டுக்குள்ளே அதை வைப்பதா என்று இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பத்தொன்பது நாளும் ஏரிக்கரை இருட்டாக இருந்தது. என் மனைவி இருட்டின பிறகு அக்காவோடு போய் வந்தாள்.

படுதா கட்டின மறுநாள், பகல் பதினொரு மணி. நான் முன்னறையில் தபாலுக்கு முத்திரை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, நிலைப்படியில் நின்று, எனக்குத் தெரிகிற மாதிரியே குடித்தாள். நிறுத்தாமல் ஒன்பது மடக்கு. இன்னொரு தம்ளர் மொண்டாள். அப்புறம் சொம்பை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பின்கட்டுக்குப் போனாள். டாக்டரம்மா சம்மதித்த பிறகு உமியை மறுபடி ஆரம்பித்தோம், ஒரே ஒரு கரண்டி. அவளுக்கும் அது நன்றாகவே ஒத்துக்கொண்டது. நோட்டில் அவள் பத்தியை நான் தொடரவில்லை. அவள் வேண்டாம் என்றாள்.

ஒரு கக்கூஸ் இருபத்து மூன்று வீட்டுக்குக் காணாது. அக்காவும் இன்னும் நாலு பேரும் எங்கள் பின்கட்டுக்கு வந்துபோனார்கள். மற்றவர்களுக்கு வெட்கம், அவர்களுக்கு முள்ளுக்காடுதான். ஆகவே ஐந்தாவது கடிதத்தை நான் எழுதவில்லை. விளக்கில்லாமல் வளைவில் யாராவது விழுவார்களே என்ற கவலையும் இருந்தது. பள்ளத்தை இரண்டு வண்டி மண் அடித்துத் தூர்த்தேன், ஓரத்தில் ஏழு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி வைத்தேன்.

சில மாதம் கழித்துப் பஞ்சாயத்து குமாஸ்தா ஒரு சாயங்காலம் மணியார்டர் அனுப்ப வந்தார். அவருக்குச் சீட்டு எழுதி முடித்துவிட்டு, நான் அப்போதுதான் இரண்டு தம்ளரில் உமியைப் போட்டுக் கலக்கி, எண்ண ஆரம்பித்திருந்தேன்.

"இன்னா சார், ரொம்ப நாளா உங்ககிட்டேர்ந்து கடுதாசியே காணோம்? ஏரிக்கரை லைட்டு நல்லா எரியுதா?"

"எரியுது," என்றேன்.

"பரவாயில்லையே. ஒடைக்கறவனுங்க அடங்கிட்டானுங்க போல."

"அடங்கிட்டாங்க."

அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து என் மனைவி வந்து தன் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே, "லைட்டு எரியுதா?" என்று மெல்லக் கேட்டாள். நான் முத்திரையை எடுத்து மேஜைக்குள் வைத்தேன்.

"மொதல்ல அதக் குடிங்க. பசையாயிடப் போவுது," என்று சொல்லி, இரண்டாவது தம்ளருக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

முப்பத்து மூன்றோ முப்பத்து நாலோ ஆகியிருந்தது. எடுத்துக் குடித்தேன்.